பதின்மூன்றாம் எண் மின்கலம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

போடிநாயக்கனூரில் கோழி கூவுமுன் ஜீப் உறுமும். இருள் பிரியாத நேரத்தில் தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாக ஆண்களும் பெண்களும் தெருமுனைகளில் கூடுவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு அந்த ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் மீண்டும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். என் தந்தை அவ்வாறு நாள்தோறும் மலையேறுபவர். என் தாய் ஊருக்குள்ளேயே ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்பவர். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்தோடு உறவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான்.

நண்பர்களே, முதல் ஆளாக இருப்பதில் பெருமையும் உண்டு, இடைஞ்சலும் உண்டு. நான் பி.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்த நாள் முதல் எங்கள் தெருவில் மிக்சி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். “இயற்பியல் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாததா?” என்று அவர்கள் கேட்கும்போது, “தெரியாது” என்ற நாலெழுத்துச் சொல் என் நாவில் எழ மறுத்துவிடும். அந்தச் சொல்லை உரிய நேரத்தில் சொல்லாததால் நேர்ந்த ஒரு பிழையையும், அதிலிருந்து நான் மீண்ட கதையையும்தான் இங்கே எழுதத் துணிகிறேன்.

என் தாய்மாமன் முந்தல் சாலைப் பக்கம் சிறியதொரு பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என்ஜின் ஓசையைக் கேட்டே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்ஜின் பிடித்துப்போன ஒரு மாருதி ஆம்னி வேனைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கினார். அதன் என்ஜினையும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றி வீசிவிட்டு, கியர் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மின்மோட்டாரை அதனோடு பொருத்தினார். இரண்டையும் இணைக்கும் தட்டைத் தேனியில் ஒரு லேத்துப் பட்டறையில் நாலு முறை கடைந்து, நாலாவது முறைதான் அச்சு நேராக அமைந்தது. மலைமேல் அவருக்குத் தெரிந்த ஒரு தோட்டக்காரர், தோட்டத்துக்குள்ளே பச்சை ஏலக்காய் மூட்டைகளைச் சரிவிலிருந்து உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்க இந்த வண்டியை ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படி வீட்டில் மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கருவித் தொகுதியைப் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிலும் மாற்றம் செய்தால்தான் சாலைக்கு வரலாம். ஆகவே மாமாவின் வேனை ஒரு லாரியில் ஏற்றித்தான் மலைக்குக் கொண்டுபோனோம். அன்று முதல் அது தோட்டத்தின் சொந்தப் பாதையில் மட்டுமே ஓடுகிறது.

மின்சாரக் கார் என்றவுடன் ஏதோ நேற்று வந்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1899-ஆம் ஆண்டிலேயே பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி என்பவர் மின்கலத்தால் ஓடும் காரில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். அதுவரை எந்தக் காரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. நம் நாட்டிலும் 1993-இல் ‘லவ்பர்ட்’ என்ற இருவர் அமரும் மின்கார் வெளிவந்தது; 2001-இல் பெங்களூரிலிருந்து ‘ரேவா’ வந்தது. அவையெல்லாம் ஈயமும் அமிலமும் கொண்ட கனமான பாட்டரிகளால் ஓடியவை.

மாமாவின் வேனில் இருப்பவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள். செங்கல்லைப் போன்ற வடிவம், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. அத்தகைய 24 கலங்களைச் செப்புப் பட்டைகளால் தொடராக இணைத்தால் 76.8 வோல்ட். அடுக்கு முழுவதும் தேக்கும் ஆற்றல் ஏறத்தாழ 7.7 யூனிட். நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். மூட்டைகளோடு 1,200 கிலோ எடையுள்ள வேன் 120 மீட்டர் உயரம் ஏற வேண்டுமென்றால் புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் 0.4 யூனிட் போதும் என்று முதலாண்டுப் பாடத்தைக் கொண்டே கணக்கிடலாம். உராய்வு, வெப்பம் முதலிய இழப்புகளைச் சேர்த்தாலும் முக்கால் யூனிட்டைத் தாண்டாது. இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியபோது மாமா என் தோளில் தட்டி, “இதுக்குத்தான் மாப்ள வீட்டுல ஒருத்தன் படிக்கணும்கிறது” என்றார். அந்தத் தட்டல்தான் என் தலைக்கு ஏறிவிட்டது போலும்!

இருபத்து நான்கு கலங்கள் ஒன்றாக ஓடும்போது அவற்றில் ஒன்று முன்னதாகவே தீர்ந்துபோகலாம். அல்லது சார்ஜ் ஏறும்போது ஒன்று மட்டும் அளவுக்கு மேல் நிரம்பலாம். இரண்டும் கலத்துக்குக் கேடு. இதைக் கண்காணிக்க ஒரு மின்னணுப் பலகை உண்டு. கடைக்காரர்கள் அதைப் ‘பி.எம்.எஸ்.’ என்பார்கள். முதல் கலத்தின் எதிர்முனையிலிருந்து ஒன்றும், பிறகு ஒவ்வொரு கலத்தின் நேர்முனையிலிருந்து ஒன்றுமாக 25 மெல்லிய ஒயர்கள் அந்தப் பலகைக்குச் செல்லும். அவற்றைச் சுழி முதல் 24 வரை எண்ணிட்டிருந்தோம். 12-ஆம் ஒயருக்கும் 13-ஆம் ஒயருக்கும் இடையே உள்ள மின்னழுத்தம்தான் பதின்மூன்றாம் கலத்தின் மின்னழுத்தம். 13-க்கும் 14-க்கும் இடையே உள்ளது பதினான்காம் கலத்தினுடையது. எந்தக் கலமாவது 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகை மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை வெட்டிவிடும். கலங்களின் நிலையைக் கைபேசித் திரையிலும் பார்க்கலாம்.

சென்ற ஐப்பசி மாதம். தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமாக இருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒருநாள் மாலை மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்த வேன் பாதி மேட்டில் நின்றுவிட்டது. திரையில் பதின்மூன்றாம் கலம் சிவப்பில் ஒளிர்ந்ததாம். சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடியது, மறுபடி நின்றது. மறுநாளும் அதே கதை.

பறித்த ஏலக்காயைக் காத்திருக்க வைக்க முடியாது என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். அந்த ஒரு கிலோவின் விலை அதன் பச்சை நிறத்தில் இருக்கிறது. உலர்த்தத் தாமதித்தால் நிறம் மங்கும். நிறம் மங்கினால் ஏலத்தில் விலை சரியும். தோட்டக்காரர் மாமாவிடம், “ஒரு வாரத்துல சரி பண்ணு. இல்லேன்னா நான் பழையபடி ஜீப்பையே வச்சுக்குறேன்” என்று சொல்லிவிட்டார். மாமா வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்த வண்டி அது. அவர் முகம் வாடிப்போய் என்னைத் தேடி வந்தார்.

சனிக்கிழமை விடுமுறையில் மாமாவோடு மலையேறினேன். வண்டி நின்ற நிலையில் திரையைப் பார்த்தேன். பதின்மூன்றாம் கலம் 3.30 வோல்ட். மல்டிமீட்டரைக் கலத்தின் முனைகளில் வைத்தேன், அதுவும் 3.30. மேட்டில் ஏறியபோது மற்றக் கலங்கள் 3.19 காட்ட, பதின்மூன்று மட்டும் 2.71-க்கு இறங்கியது. என் மூளையில் உடனே பாடம் விரிந்தது. கலத்தின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம், மின்னோட்டம் கூடக்கூட, உள்மின்தடையால் குறையும் அல்லவா? ஓய்வில் நன்றாக இருந்து சுமையில் சரிகிறது என்றால் உள்மின்தடை மிகுந்துவிட்டது என்று பொருள். மின்னோட்டம் 120 ஆம்பியர். கூடுதல் சரிவு 0.48 வோல்ட், ஆகவே கூடுதல் மின்தடை நான்கு மில்லி ஓம். விடை எவ்வளவு அழகாக வந்துவிட்டது!

“மாமா, செல் போச்சு” என்றேன்.

மாமா தலையைச் சொறிந்தார். “இருக்கட்டும் மாப்ள. செல்லுல கை வைக்கிறதுக்கு முன்னாடி கனெக்சனையெல்லாம் ஒருதரம் இழுத்துப் பாத்துருவோமா? இந்தப் பாதையில வண்டி குதிக்கிற குதிக்கு…”

“இது என்ஜின் இல்ல மாமா. கணக்குச் சொல்லுது. செல்லுதான்.”

அவர் அதற்கு மேல் பேசவில்லை. படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை குனிகிறது.

புதுக் கலத்தின் விலை ஐயாயிரம் ரூபாய். மாமாவிடம் இல்லை. என் தாய் சீட்டுப் பிடித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். தங்கைக்குத் தோடு வாங்க வைத்திருந்த பணம் அது. “பிள்ளை பாத்துச் சொல்லிருக்கான், சரியாத்தான் இருக்கும்” என்று தம்பிக்கு ஆறுதலும் சொன்னார்.

மதுரையிலிருந்து கலம் வந்தது. அடுத்த சனிக்கிழமை அதை மாற்றினோம். அந்த வேலையில் ஏற்பட்ட அச்சத்தையும் சொல்ல வேண்டும். எழுபத்தொன்பது வோல்ட் நேர்மின்னோட்டம் விளையாட்டுப் பொருளன்று. செப்புப் பட்டையைக் கழற்றும்போது என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, ஒரு கலத்தின் இரு முனைகளிலும் பட்டுவிட்டது. பளீரென்று ஒரு மின்னல். ஸ்பேனரின் விளிம்பில் ஒரு துண்டு உருகிக் காணாமற்போயிருந்தது. மாமா என் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். பிறகு ஸ்பேனர் முழுவதும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, என் கையிலிருந்த வெள்ளி மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். இன்னொன்றும் செய்தார்: முதலில் கண்காணிப்புப் பலகையின் பிளக்கைக் கழற்றினார். பட்டை பிரிந்திருக்கும்போது பிளக்கும் மோட்டார்ப் பக்கத்து இணைப்பும் அப்படியே இருந்தால், அடுக்கின் முழு மின்னழுத்தமும் பலகையின் ஒரே ஒரு கட்டத்தின் மேல் பாய்ந்து அதைக் கருக்கிவிடும் என்று நான் பின்னர்தான் படித்தேன். மாமா எந்த நூலையும் படிக்கவில்லை. “எதுலயும் மூளையைத் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் உடம்புல கத்தி வைக்கணும் மாப்ள” என்றார்.

புதுக் கலம் அமர்ந்தது. வேன் புறப்பட்டது. மேடு வந்தது. திரையில் பதின்மூன்றாம் எண் மீண்டும் சிவந்தது.

அந்தக் கணத்தை எப்படி எழுதுவேன்! மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முன்கண்ணாடி வழியே மழைத் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியோட்டத்தின்போது திரையில் கண்ட அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆய்வகத்தில் நம் பேராசிரியர் ஊட்டிய பழக்கம் அது: தேவை என்று தோன்றுவதை மட்டும் எழுதாதே, கண்ணில் பட்ட எல்லா அளவையும் எழுது என்பார். அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

“பதின்மூணு குறையுது… பதினாலு கூடுது… மறுபடி பதின்மூணு குறையுது…”

அம்மா முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அருகில் வந்து அமர்ந்தார். “அது என்ன தம்பி, ஒண்ணு கொறஞ்சா பக்கத்துல உள்ளது கூடுமா?”

“ஆமாம்மா, அப்படித்தான் வந்திருக்கு.”

“ரெண்டையும் சேத்தா?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா தொடர்ந்தார்: “எங்க கூடத்துல ஒருநா இப்படித்தான் ஆச்சு. எட்டு எம்.எம். காய் மூட்டை எடை கொறஞ்சுபோச்சு. காய் சரியில்ல, சின்னக் காயாப் போச்சுன்னு ஒரே சத்தம். அடுத்த சாக்குல பாத்தா ஏழு-எட்டு காய் அதே அளவுக்குக் கூடுதலா நிக்குது. ரெண்டையும் சேத்தா எடை குண்டுமணி மாறல. அப்புறம் பாத்தா சல்லடையில ஓட்டை விரிஞ்சு கெடந்துச்சு. பெரிய காயெல்லாம் அது வழியா கீழ எறங்கிருச்சு. காய் மேல என்னப்பா குத்தம்? சல்லடையிலல்ல கோளாறு!”

என் கைகள் நடுங்கத் தொடங்கின. பென்சிலை எடுத்துக் கூட்டினேன். மேடு ஏறும்போது பதின்மூன்று 2.71, பதினான்கு 3.67, கூடுதல் 6.38. அதே நேரத்தில் மற்றக் கலங்கள் ஒவ்வொன்றும் 3.19, இரண்டு கலங்களுக்கு 6.38. மிகச் சரி! இறங்கும்போது எழுதியது: 2.95-ம் 3.65-ம், கூடுதல் 6.60. மற்றவை 3.30, இரண்டுக்கு 6.60. இன்னொரு வரியில் பதின்மூன்று 3.41 என்று கூடியும், பதினான்கு 3.19 என்று குறைந்தும் இருந்தது. அங்கும் கூடுதல் 6.60.

இரண்டு கலங்களும் நலமே. அவற்றுக்கிடையே எல்லை காட்டும் ஒயர்தான் பொய் சொல்லியிருக்கிறது! பன்னிரண்டாம் ஒயரும் பதினான்காம் ஒயரும் உறுதியாக இருக்க, இடையிலுள்ள பதின்மூன்றாம் ஒயர் மட்டும் தொடர்பு விட்டு விட்டுத் தள்ளாடினால், எல்லைக்கோடு மேலும் கீழும் ஆடும்; ஒரு பக்கம் குறையும் அளவு மறுபக்கம் கூடும். மொத்தம் மாறாது. இரண்டு வயல்களுக்கு நடுவே உள்ள வரப்பு நகர்ந்தால் மொத்த நிலம் குறைந்துவிடுமா என்ன?

குறிப்பேட்டில் இன்னொரு சாட்சியும் இருந்தது. இறக்கத்தில் கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்கப்படுவதே இல்லை. ஆனாலும் பதின்மூன்று 2.95 காட்டியிருக்கிறது. உள்மின்தடை மிகுந்த கலம் சுமையில்லாமல் எப்படிச் சரியும்? மேட்டில் மட்டும் வருவதாக நாங்கள் நம்பிய கோளாறு, உண்மையில் பாதை கரடுமுரடாக இருந்த இடமெல்லாம் வந்திருக்கிறது. காரணம் சுமையன்று, குலுக்கல். மாமா முதல் நாளே சொன்ன குதிப்பு! என் கணக்கில் தவறில்லை. தவறான அளவை நம்பிக் கணக்குப் போட்டதுதான் தவறு. திரையில் தெரிந்தது கலத்தின் மின்னழுத்தம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது ஒயரின் முனையில் பலகைக்கு வந்து சேர்ந்த செய்தி மட்டுமே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஜீப்பில் நானும் மாமாவும் மலைக்குப் போனோம். இம்முறை முதலில் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டோம். மல்டிமீட்டரின் கம்பிகளைப் பதின்மூன்றாம் கலத்தின் முனைகளிலேயே இறுக்கிக் கட்டி, மீட்டரை என் மடியில் வைத்துக்கொண்டு வண்டியை மேட்டில் ஏற்றினோம். கைபேசித் திரை 2.74 என்றது; மடியிலிருந்த மீட்டர் 3.19 என்றது. கலம் உண்மை பேசுகிறது. இடையில் உள்ளவன் திரித்துச் சொல்கிறான் என்பது உறுதியாயிற்று.

வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பதின்மூன்றாம் ஒயரை முனை முதல் தடவிக்கொண்டே வந்தார் மாமா. செப்புப் பட்டைக்கு இரண்டு விரற்கடை முன்னால் அவர் விரல்கள் நின்றன. “இந்தா இருக்கு. எலும்பு முறிஞ்ச கை மாதிரி உள்ள தொளதொளங்குது பாரு.” லேசாக இழுத்தார், ஒயர் கையோடு வந்துவிட்டது. மேலுறையை உரித்துப் பார்த்தோம். முனையிலுள்ள வளையத்தை இறுக்கியபோது பாதி பிடி செப்பிழையின் மேலும், பாதி பிளாஸ்டிக் உறையின் மேலும் விழுந்திருக்கிறது. மலையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து செப்பு பச்சை பூத்திருந்தது. குலுங்கிக் குலுங்கி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் இரண்டு மூன்று இழைகள்தாம் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கின்றன. ஓய்வில் அவை தொடும், அதனால் 3.30. ஓடும்போது விலகும், அதனால் சிவப்பு. அந்த வளையத்தைக் கட்டிங் பிளையரால் நசுக்கிப் பொருத்தியவன் யார் என்று கேட்கிறீர்களா? சென்ற கோடை விடுமுறையில் மாமாவுக்கு உதவி செய்யப் போன நானேதான்!

இத்தகைய வேலையில் இறங்கும் தோழர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நாங்கள் பின்பு செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். வெள்ளீயம் பூசிய புது வளையங்களை அதற்குரிய கருவியால் நசுக்கி, இருபத்தைந்து ஒயர்களுக்கும் மாற்றினோம். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தோம். வளையத்தின் கழுத்தில் சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டோம். ஒயர் குதிக்காதபடி சாண் தூரத்துக்கு ஒரு கட்டுப் போட்டோம். ஒவ்வோர் ஒயரிலும் கலத்துக்கு அருகிலேயே சிறு ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்தோம். ஒயர் எங்காவது உரசி மேலுறை தேய்ந்தாலும் தீப்பற்றாது. பிளக்கைப் பலகையில் செருகுமுன், சுழி ஒயரிலிருந்து ஒவ்வொன்றாக அளந்தோம். 3.3, 6.6, 9.9 என்று படிப்படியாக ஏறி, 24-ஆம் ஒயரில் 79.2-இல் முடிய வேண்டும். ஒரு படி தவறினாலும் ஒயர் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் செருகினால் பலகை பாழ். எங்கள் படி தவறவில்லை. பிளக்கைச் செருகினோம். மாலைக்குள் ஆறு நடை மூட்டை ஏற்றினோம். பதின்மூன்றாம் எண் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை.

அன்று இரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கலம் கெடவில்லை, நான்தான் தவறாகச் சொன்னேன், ஐயாயிரம் ரூபாய் வீண் என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது. அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தோடு அடுத்த சீட்டுல வாங்கிக்கலாம். ஒங்க மாமாகிட்ட இதைச் சொன்னியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “மொதல்ல அங்க போய்ச் சொல்லு” என்றார்.

போனேன். “நீங்க கனெக்சனைப் பாக்கலாம்னு சொன்னப்ப நான் கேட்டிருக்கணும் மாமா” என்றேன். மாமா கைகளைத் துணியில் துடைத்தபடி சிரித்தார். “நான் மட்டும் என்ன? இழுத்துப் பாக்கணும்னு தோணுச்சு, எந்த ஒயரைன்னு தெரிஞ்சுதா? இருபத்தஞ்சுல இதுதான்னு சொன்னது உன் நோட்டுதானே” என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு எந்தத் தேர்விலும் கிடைக்காத மதிப்பெண்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இந்தக் கலங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட நேர்முனைப் பொருளை 1997-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் அவர்களின் குழு வெளியிட்டது. அதற்கு வழிகோலிய ஆய்வை 1980-களிலேயே அவரோடு செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் தென்கோடியில் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நம் கல்லூரி இணைந்துள்ள மதுரைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. பயின்றவர். 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் கிடைத்தபோது, முதுமையுற்றிருந்த குட்இனஃப் சார்பில் நோபல் சொற்பொழிவை ஆற்றியவரும் இந்த அமரபுரத்துக்காரரே. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து உருவாகக் காரணமான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமும் 1953 முதல் இத்துறையில் உழைத்து வருகிறது. மின்கலம் நமக்கு அந்நியமான பொருளன்று என்று அறிந்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால் நிமிர்ந்த நெஞ்சோடு நான் எழுத விரும்புவது வேறொன்றை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நாம், வீட்டிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை என்றே எண்ணிக்கொள்கிறோம். வீட்டில் உள்ளவர்களும் அப்படியே நம்பி, நம் முன்னால் வாயை மூடிக்கொள்கிறார்கள். மாமா மூடிக்கொண்டார், அதன் விலை ஐயாயிரம் ரூபாய். அம்மா மூடிக்கொள்ளவில்லை, ஒரு வண்டி பிழைத்தது. அவர்கள் அறிவுக்கும் நம் அறிவுக்கும் இடையே செல்லும் ஒயர் எங்காவது அறுந்திருந்தால், அந்த இழையைத் தேடிப் பிடித்து இணைக்க வேண்டிய பொறுப்பு படித்தவன் பக்கமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கழற்றி எறிந்த பழைய கலம் என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். அதற்குச் சுமை கொடுத்து, நிரம்பியதிலிருந்து தீரும்வரை அளந்து பார்த்தோம். ஏறத்தாழ நூறு ஆம்பியர்-மணியும் குறையாமல் கொடுத்தது. குற்றமற்ற அதைத் தண்டித்துவிட்டோமே என்று எனக்கு வருத்தம். இப்போது அது எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது. ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை, ஃபியூஸோடும் மின்தடையத்தோடும் அதில் இணைத்திருக்கிறேன். மின்சாரம் நின்ற இரவுகளில் அந்த வெளிச்சத்தின் ஒரு பக்கம் நான் செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கிறேன். மறுபக்கம் அம்மா, மறுநாள் சமையலுக்கு முறத்தில் அரிசி புடைக்கிறார். ஒயரின் முனைகளை இருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் விளக்கை ஏற்றுகிறேன்.